சுவிங் கீலைப் பூட்டிக்கொண்டு வெளிக்கடலுக்கு: யாழ்ப்பாணக் கரையில் புதிதாகப் பாயோட்டுவோருக்கு

யாழ்ப்பாணத்தைச் சுற்றியிருக்கும் கடல் ஒன்றல்ல, இரண்டு. மண்டைதீவு, வேலணைப் பக்கத்து உட்கடலில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. காரைநகரைத் தாண்டி வடக்கே திரும்பினாலோ பருத்தித்துறை முனையைச் சுற்றிக் கிழக்கே இறங்கினாலோ திறந்த கடல். கீலை, அதாவது படகின் அடியில் இறங்கி நின்று அது கவிழாமல் பிடிக்கும் பாரமான தகட்டை, தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, இறக்கிக்கொண்டு வெளியே போகக்கூடிய சிறு பாய்ப்படகு நமக்கு மிகவும் பொருந்துவது இதனால்தான். வெளிநாட்டில் செய்த இருபது, இருபத்திரண்டு அடிப் பாய்ப்படகுகளில் பல இந்த வகைதான்.

ஆனால் இந்த வசதியோடு ஒரு கடமையும் வருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலின் ஏரா, அதாவது கீல், கப்பலோடு ஒன்றாய் நின்ற மரம். நமது படகின் கீலோ ஒரே ஒரு ஆணியில் தொங்கும் இரும்பு. அதை அசையாமல் பூட்டும் வேலையைச் செய்யாமல் வெளிக்கடலுக்குப் போகக்கூடாது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் விளங்கவேண்டியது

கீலின் முன் மேல் மூலையில் குறுக்காக ஒரு அச்சு ஆணி. கீலின் பின்பக்கத்தில் ஒரு கம்பிக் கேபிள், ஒரு குழாய் வழியாக மேலே வந்து வின்ச்சில் (கைபிடியால் சுழற்றும் உருளையில்) சுற்றும். வின்ச்சைச் சுற்றினால் கீல் பின்னோக்கி மடிந்து படகின் அடியிலுள்ள கூட்டுக்குள் ஏறும். விட்டால் தன் பாரத்தில் கீழே இறங்கும்.

கேபிள் கீலைத் தூக்கும். கீழே பிடித்து வைத்திருக்காது. கம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. புதிதாக வருபவர்களில் பலர் வின்ச்சை இறுக்கிவிட்டால் கீல் பூட்டியாயிற்று என்று நினைக்கிறார்கள். கீலை நிமிர்ந்து நிற்க வைப்பது அதன் பாரம் மட்டும்தான்.

அந்தப் பாரம் எதுவரை உதவும்? படகு 30 பாகை சாய்ந்தாலும் 60 பாகை சாய்ந்தாலும் பாரம் கீலைக் கீழ்நோக்கியே இழுக்கும். படகு முழுதாகப் பக்கவாட்டில் விழுந்து பாய்மரம் தண்ணீரில் படுத்தால், பாரம் கீலை மடிக்கவும் மாட்டாது, நிமிர்த்தவும் மாட்டாது. அதற்கு மேல் ஒரு பாகை போனால் அதே பாரம் கீலைக் கூட்டுக்குள் தள்ளத் தொடங்கும். படகை நிமிர்த்த வேண்டிய எடை, மிகவும் தேவைப்படுகிற அந்தக் கணத்தில் உள்ளே மடிந்து கூட்டின் கூரையில் மோதும். படகு தலைகீழாகவே நின்றுவிடலாம். மோதிய வேகத்தில் கூடு வெடித்தால் தண்ணீரும் உள்ளே வரும். பூட்டு தேவைப்படுவது இந்த ஒரு கணத்துக்குத்தான்.

உங்கள் படகு எந்த வகை?

எல்லாத் தூக்கும் கீலும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கட்டலினா 22 படகின் பழைய வார்ப்பிரும்புக் கீல் ஏறக்குறைய 250 கிலோ. தூக்கினால் படகுக்கு இரண்டு அடித் தண்ணீர் போதும், இறக்கினால் ஐந்து அடி வேண்டும். அந்தப் படகை நிமிர்த்தி வைத்திருப்பது அந்த இரும்புதான். மக்கிரெகர் 26இன் பழைய வகைகளில் பாரம் அடித்தளத்துத் தொட்டியிலுள்ள தண்ணீர். கீழே இறங்குவது பாரம் குறைந்த பலகை. அதைப் பூட்டுவது ஆட்டத்தையும் சத்தத்தையும் குறைக்கத்தான், அங்கே முக்கியம் தொட்டி நிரம்பியிருப்பது. மூன்றாவது வகையில் அசையாத குட்டைக் கீல் ஒன்று பாரத்தைச் சுமக்கும், அதற்குள்ளிருந்து ஒரு பலகை இறங்கும்.

இந்தக் கட்டுரை முதல் வகைக்கு. கீல் தனியாக எவ்வளவு பாரம் என்பதைத் தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் தேடிப் பாருங்கள். பின்னால் வரும் கணக்குக்கு அந்த எண் வேண்டும்.

கரையில் ஏற்றிப் பார்ப்பது

படகைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. கீல் முழுதாக இறங்குமளவுக்குப் படகு உயரத்தில் நிற்கவேண்டும். மணற்கரையில் முண்டு கொடுத்தால் ஒரு மழையோடு புதைந்து ஒரு பக்கம் சரியும், ஆகவே கீழே பனங்குற்றியோ தடித்த பலகையோ போட்டு அதன்மேல் முண்டு வையுங்கள். கீலுக்காக மணலில் குழி தோண்டும் பழக்கம் இருக்கிறது. கரை இடிந்து விழும், ஊற்றுத் தண்ணீரும் வரும். அந்தக் குழிக்குள் ஆள் இறங்கி வேலை செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கீலுக்கு அடியில் எப்போதும் ஒரு கட்டை இருக்கவேண்டும். ஜக்கையோ கேபிளையோ நம்பி அதன் கீழே படுக்காதீர்கள். 250 கிலோ இரும்பு விழுந்தால் கை, கால் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கூடவே ஒருவர் நிற்கட்டும்.

இனிக் கீலின் கீழ் நுனியை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். நுனியில் ஒன்றிரண்டு சென்ரிமீட்டர் ஆட்டம் சாதாரணம். அதற்கு மேல் போய் "டொக்" என்று கேட்டால் ஆணியோ துளையோ பக்கத்து வளையங்களோ தேய்ந்திருக்கின்றன. நங்கூரமிட்ட இரவுகளில் சிற்றலைக்கும் டொக் டொக் என்று கேட்கிற சத்தம் இதுதான். அந்தச் சத்தத்தோடு வெளிக்கடலுக்குப் போனால் ஒவ்வொரு அலையும் துளையை இன்னும் கொஞ்சம் தின்னும்.

பிறகு ஆணியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றுமுன் கீலின் முழுப் பாரமும் ஜக்கிலும் கட்டையிலும் இருக்கவேண்டும். ஆணியைத் துடைத்து வேர்னியரால் இரண்டு நுனியையும் நடுவையும் அளந்தால், நடுவில் தேய்ந்திருப்பது உடனே தெரியும். ஸ்டெயின்லெஸ் ஆணியென்றால் இன்னும் வடிவாகப் பாருங்கள். காற்றுப்படாத உப்புத் தண்ணீரில் அடைபட்டுக் கிடக்கும் ஸ்டெயின்லெஸ், வெளியே பளபளத்தபடியே இடுக்குகளில் குழி விழுந்து அரிக்கும். ஊசிமுனை அளவில் கரும்புள்ளி தெரிந்தால் அந்த ஆணியைத் திரும்பப் போடவேண்டாம்.

ஆணியோடு கதை முடிவதில்லை. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணை. "ஆணியை மட்டும் மாத்திப் பிரயோசனம் இல்லைத் தம்பி. ஓட்டை முட்டை மாதிரி ஆகிட்டுது. அதை முதல் பாரும்." நீள்வட்டமாய்ப் போன துளையில் புது ஆணி போட்டால் அது ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கெதியாகத் தேயும். துளையைப் பெரிதாகக் கடைந்து உள்ளே ஒரு புஷ் (குழல் போன்ற உறை) இறக்குவதுதான் சரியான வேலை. வெண்கலப் புஷ் நல்லது. பிளாஸ்டிக்கில் போடுவதென்றால் அசெற்றால் போடுங்கள். நைலோன் தண்ணீரைக் குடித்து ஊதும், பிறகு கீல் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது.

வெண்கலமும் ஸ்டெயின்லெஸ்ஸும் வார்ப்பிரும்பைத் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் இரும்புதான் அரிபடும். கீலைத் துருபோகத் தேய்த்து, அன்றே எபொக்சிப் பூச்சுப் பூசி, ஒரு துத்தநாகக் கட்டியைக் கீலில் இறுக்கமாகப் பொருத்திவிடுங்கள். அந்தக் கட்டி கரைந்துகொண்டிருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

ஆணியைத் தாங்கும் வார்ப்புகள் படகின் அடியில் போல்ட்டால் பிடித்திருந்தால் ஒவ்வொன்றையும் ஸ்பனர் வைத்துப் பாருங்கள். சும்மா சுழலும் போல்ட் உள்ளே பிடியில்லாத போல்ட். அதைச் சுற்றி முடி அளவில் வெடிப்பு இருக்கிறதா, துரு நிறத்தில் தண்ணீர் கசிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கூட்டின் உட்சுவரிலும் அப்படியே. கூட்டுக்குள் பிடித்திருக்கும் சிப்பியைச் சுரண்டாமல் விடாதீர்கள். வெளியிலிருந்து படகு வந்து உட்கடல் வாயில் நிற்கும்போது கீல் ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பதற்கு வழக்கமான காரணம் அந்தச் சிப்பிதான்.

பூட்டு

சந்தையிலிருந்து வரும் பல படகுகளில் கூட்டின் பக்கச் சுவர் வழியாக ஒரு போல்ட் வந்து கீலின் பக்கத்தை அழுத்தும். உராய்வுதான் அதன் பிடி. கீல் ஆடிச் சத்தம் போடாமல் இருக்க அது போதும். தலைகீழான படகில் கீலைப் பிடித்து வைக்க அதை மட்டும் நான் நம்பமாட்டேன். ஈரமான, பாசி படிந்த, பூச்சுப் பூசிய இரும்பில் உராய்வு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பக்கூடியது ஊடாகப் போகும் பூட்டு ஆணி: கூட்டின் ஒரு சுவர், கீலிலுள்ள துளை, மறு சுவர் என்று மூன்றையும் கோத்துக்கொண்டு நிற்பது. அச்சு ஆணி கூட்டுக்குள் உயரத்தில் இருக்கும் படகுகளில் இன்னொரு வழியும் உண்டு. கீலைத் துளைக்காமல், இறங்கிய கீலின் பின்விளிம்பை ஒட்டியபடி கூட்டுக்குக் குறுக்காக ஒரு தண்டு போடலாம். கீல் பின்னால் மடிய முயன்றால் அந்தத் தண்டில் முட்டி நிற்கும். அச்சு ஆணி அடித்தளத்தோடேயே இருக்கும் வகைகளில் இவை இரண்டுக்குமே இடம் கிடைப்பது அரிது. அங்கே பக்கப் போல்ட்டின் முனை உட்காருவதற்குக் கீலில் ஒரு ஆழமான குழி துளைத்து, போல்ட்டையும் தடித்ததாக மாற்றினால் உராய்வுக்குப் பதிலாக இரும்பு இரும்பைப் பிடிக்கும். இது முதல் இரண்டு அளவுக்கு உறுதியல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டே பாதையைத் தீர்மானியுங்கள்.

எவ்வளவு பலம் வேண்டும்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீல் 250 கிலோ. இறங்கி நிற்கும்போது அதன் பாரமையம் அச்சிலிருந்து 30 சென்ரிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகு தலைகீழானால் கீலை மடிக்கும் திருப்பம் 250 பெருக்கல் 0.30, அதாவது 75 கிலோகிராம்-மீட்டர். பூட்டு ஆணி அச்சிலிருந்து 15 சென்ரிமீட்டர் தள்ளி இருந்தால் அதன்மேல் விழும் விசை 75ஐ 0.15ஆல் பிரித்தால் 500 கிலோ. அலையில் புரளும் படகில் இது அதிர்ச்சியோடு வரும், ஆகவே மூன்று மடங்காக எடுங்கள்: ஒன்றரைத் தொன். ஆணியை 30 சென்ரிமீட்டர் தள்ளி வைக்க இடமிருந்தால் இது பாதியாகும். இடம் தரும் அளவுக்கு அச்சிலிருந்து தள்ளித் துளை போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஆணி, இரண்டு பக்கமும் தாங்கினால், ஐந்து தொன்னுக்கு மேல் தாங்கும். ஆணி முறியாது. கிழிவது பைபர் சுவர். ஆகவே உழைப்பு முழுவதும் சுவரில்தான்.

துளை வரும் இடத்தைச் சுற்றி, இரண்டு சுவரிலும், ஒரு சாணுக்குக் குறையாத வட்டத்தில் பழைய பூச்சைக் கண்ணாடி இழை தெரியும்வரை தேயுங்கள். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, சில நாள் காயவிடுங்கள். வாடைக்காற்றோடு (வடகிழக்குப் பருவக்காற்று) மழை பெய்யும் மாதங்களில் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய படகுகள் பொலியெஸ்டரில் செய்தவை. அவற்றின்மேல் எபொக்சிதான் நன்றாகப் பிடிக்கும், மீன்பிடி வள்ளங்களுக்குப் பாவிக்கும் சாதாரண ரெசின் அல்ல. ஒவ்வொரு இழைத்துண்டும் முந்தியதைவிடச் சற்றுப் பெரிதாக வரும்படி பல படைகள் போட்டு, ஓரம் மெலிந்து முடியட்டும். எபொக்சி இறுகியதும் மேலே மெழுகாய் ஒரு படலம் படியும். அடுத்த படைக்கு முன் அதைத் தண்ணீரால் கழுவித் தேய்க்காவிட்டால் மேல் படை உரிந்து வரும். காரைநகரில் சீநோர் படகுத் தளம் இயங்கிய காலந்தொட்டு இந்தக் கரையில் பைபர் வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. தெரியாவிட்டால் அப்படி ஒருவரை அழைத்துச் செய்விப்பது நல்லது, எபொக்சிக்கும் பொலியெஸ்டருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலே கதைத்துக்கொள்ளுங்கள்.

துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். இப்படிச் செய்தால் வெட்டுவாய் வழியாகச் சுவருக்குள் தண்ணீர் ஊறாது. உள்ளே ஒரு உலோகப் புஷ். இரண்டு சுவர்த் துளையும் கீல் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கீலை முழுதாக இறக்கி, ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்திவிட்டு, ஒரே ஓட்டத்தில் துளையுங்கள். துளை நீர்மட்டத்துக்குக் கீழே வந்தால் ஆணியின் தலைக்கு ரப்பர் வளையமும், ஆணியை எடுத்தபின் அடைப்பதற்குத் திருகு மூடியும் வேண்டும்.

இனி நமது கடலுக்கே உரிய சிக்கல். கீலைப் பூட்டியபடி பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) மோதினால்? கீலின் நுனி அச்சிலிருந்து 1.2 மீட்டர். ஆணி 15 சென்ரிமீட்டர். நுனியில் வரும் அடி ஆணியில் எட்டு மடங்காகும். நுனியில் 400 கிலோ அடித்தால் சுவரில் மூன்று தொன்னுக்கு மேல். அந்த அடியில் சுவர் கிழிவதைவிட ஆணி முறிவது நல்லது. ஆகவே பூட்டு ஆணியை வேண்டுமென்றே நலிவானதாகச் செய்யவேண்டும்: கீலின் பாரத்தைத் தலைகீழாகத் தாங்கும், ஆனால் பார் அடித்தால் முறியும். லேத்தில் 12 மி.மீ. பித்தளை ஆணி ஒன்றைக் கடைவித்து, கீலும் சுவரும் சந்திக்கும் இரண்டு இடத்திலும் 8 மி.மீ. கழுத்து வெட்டினால் ஏறக்குறைய இரண்டு தொன்னில் முறியும். மேலே போட்ட கணக்கின் ஒன்றரைத் தொன்னுக்கு அது மேல், மூன்று தொன்னுக்குக் கீழ். உங்கள் படகின் எண்களை வைத்துக் கழுத்தின் அளவை மாற்றுங்கள். பித்தளை கடல் தண்ணீரில் துத்தநாகத்தை இழந்து நலியும், ஆகவே பருவத்துக்கு ஒருமுறை புதிது. நாலைந்து ஆணி ஒரேயடியாகக் கடைவித்து வைத்துக்கொண்டால் செலவும் பெரிதல்ல.

இழுத்துப் பார்ப்பது

பூட்டைக் கடலில் சோதிக்கக்கூடாது. கரையில், படகு முண்டுகளில் உறுதியாக நிற்கும்போதே சோதியுங்கள். 75 கிலோகிராம்-மீட்டர் திருப்பம் என்பது 1.2 மீட்டர் தள்ளியிருக்கும் நுனியில் அறுபது கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் நிமிர்ந்து நிற்கும் படகில் கீலின் சொந்தப் பாரமே அவ்வளவுக்கு எதிர்த்து நிற்கும், ஆகவே அந்தத் திருப்பம் ஆணியில் விழ அதன் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 125 கிலோ வேண்டும். நாலு வளர்ந்த ஆட்கள் கயிற்றில் இழுக்கிற இழுவை அவ்வளவு வரும். கீலின் நுனியில் கயிற்றைக் கட்டி, பூட்டு ஆணியைப் போட்டு, கேபிளைத் தளர்த்திவிட்டு, பின்பக்கமாக நிதானமாக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும்போது ஒருவர் உள்ளே துளையருகே கண்ணை வைத்துப் பார்க்கட்டும். சுவர் வளைந்தாலோ எபொக்சியில் வெள்ளைக் கோடு ஓடினாலோ வேலை போதாது. அது சரிவந்தால் செயின் புளொக்கும் தொங்கு தராசும் வைத்து இருநூறு கிலோவரை இழுத்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படகுக்கு எதிர்க் கயிறு கட்டாமல் இதைச் செய்யாதீர்கள், முண்டு சரியும்.

கேபிளும் வின்ச்சும்

கேபிள் கீலைப் பிடித்து வைக்காது என்றாலும் அது அறுந்தால் கரைக்கு வரமுடியாது. தூக்கும்போதோ இறக்கும்போதோ அறுந்தால் கீல் தன் பாரத்தில் விழுந்து முன் தடுப்பில் மோதி அடித்தளத்தையே வெடிக்க வைக்கும்.

ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, கேபிளின் முழு நீளத்தையும் துணிக்குள் விட்டு மெல்ல இழுங்கள். அறுந்த ஒரு இழை இருந்தாலும் துணி அதில் சிக்கிக்கொள்ளும். கேபிள் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மடக்கிப் பார்த்தால் உள்ளிழைகளிலிருந்து செம்பழுப்புத் தூள் கொட்டுகிறதா என்று தெரியும். கொட்டினால் மாற்றுங்கள், எத்தனை மாதமானது என்று கணக்குப் பார்க்கவேண்டாம். கேபிள் நுனியிலுள்ள ஷக்கிளின் ஆணியைக் கம்பி சுற்றிக் கட்டிவிடுங்கள், அதிர்வில் தானாகக் கழன்றுவிடும். கேபிள் வரும் ரப்பர்க் குழாய் படகின் அடியோடு சேரும் இடத்தில் இரண்டு கிளிப் போடுங்கள். அந்தக் குழாய் பிய்ந்தால் நேரே கடல் உள்ளே வரும்.

வின்ச்சின் கைபிடியைச் சுற்றி முடித்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். பிரேக் வழுக்கினால் கைபிடி சுழலும் வேகத்தில் மணிக்கட்டு எலும்பு முறியும். பிள்ளைகளிடம் வின்ச்சைக் கொடுக்கவேண்டாம்.

கடலில் செய்யும் முறை

உட்கடலில் பூட்டு ஆணி போடக்கூடாது. கீலைப் பாதி இறக்கி, எஞ்சினில் மெல்லப் போங்கள். மணலில் தட்டினால் கீல் தானாக மடிந்து வழிவிடும். இங்கே வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே தரைதட்டினால் பெருக்கு வந்து தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது. கீலைத் தூக்கிப் பின்னால் வருவதுதான் வழி. சிறகு வலைத் தடிகளும் தீவுப் பக்கக் கடலட்டைப் பண்ணை வேலிகளும் இரவில் தெரியாது. பகலில் வெளிக்கிடுங்கள். கீல் தூக்கியிருக்கும்போது முழுப்பாயும் ஏற்றாதீர்கள், படகுக்கு அப்போது நிமிரும் பலம் குறைவு.

ஐந்து மீட்டர் தண்ணீர் வந்ததும் படகைக் காற்றுக்கு முகம் திருப்பி, வேகத்தைக் குறைத்து, கீலை வின்ச்சாலேயே சுற்றிச் சுற்றி இறக்குங்கள். கேபிளில் வண்ண நூல் சுற்றி அடையாளம் வைத்திருந்தால் முழுதாக இறங்கிவிட்டதை அது சொல்லும். கேபிள் கொஞ்சம் தளர்ந்தபின் பூட்டு ஆணியைத் தள்ளுங்கள். சிக்கினால் சுத்தியலை எடுக்காதீர்கள். காற்று கீலை ஒரு பக்கச் சுவரோடு அழுத்திக்கொண்டிருக்கும். படகை மறுபக்கம் திருப்பினாலோ கேபிளை அரைச் சுற்று ஏற்றினாலோ ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போனதும் கிளிப் மாட்டி, கூட வருபவரையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி உள்ளே இருக்கிறது என்பதைச் சுக்கான் பிடிப்பவர் பார்க்கும்படி ஒரு சிவப்புத் துணியைச் சுக்கான் தண்டில் கட்டுவது நல்ல பழக்கம். பார் நோக்கித் திரும்பும்போது அது நினைவூட்டும்.

வடகரையில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் சுண்ணக்கல் பாரை வெட்டிய வான் (படகு போகும் கால்வாய்) வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். வானுக்கு வெளியே, தண்ணீர் ஆழமாக இருக்கும்போதே ஆணியை எடுத்துவிடுங்கள். வான் வாயில் அலை உடைந்துகொண்டிருந்தால் உள்ளே வராதீர்கள், ஆணியை எடுக்காமல் வெளியிலேயே நின்று காங்கேசன்துறைக்கு ஓடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து திருகோணமலை நூறு கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. நாலு கடல் மைல் வேகத்தில் ஒரு பகலும் ஒரு இரவும். நடுவில் எந்தக் காற்றிலும் ஒதுங்கக்கூடிய துறைமுகம் இல்லை. நாயாறும் கொக்கிளாயும் இருந்தாலும் அவற்றின் வாயை மணல் மூடிக்கிடக்கும் காலம் உண்டு. இந்தப் பயணத்துக்கு மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். சோழகம் (தென்மேற்குக் காற்று) எழுந்தபின்னும் கிழக்குக்கரை ஓரளவு ஒதுக்குத்தான், ஆனால் காற்று படகைக் கரையிலிருந்து தள்ளும் என்பதை மறக்கவேண்டாம். வாடை மாதங்களில் காற்று நேரே கரைமேல் அடிக்கும், நவம்பர் டிசம்பரில் வங்கக்கடலில் புயலும் பிறக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தப் பக்கத்துக் கடலில்தான் வந்தது. எவ்வளவு பலமாகப் பூட்டினாலும் இருபத்திரண்டு அடிப் படகை அந்த மாதங்களில் வெளியே கொண்டுபோகக்கூடாது. மேற்கே போனால் பாக்கு நீரிணையில் 1974 இந்திய-இலங்கை உடன்படிக்கையின் எல்லைக்கோடு கிட்டத்தில் இருக்கிறது. படகுப் பதிவையும் கடற்படைக்கு அறிவிப்பதையும் முடிக்காமல் வெளிக்கிடவேண்டாம்.

கேபினுக்குள்ளும் ஒரு பார்வை: பற்றரி, நங்கூரம், தண்ணீர்க் கலன் எல்லாம் தலைகீழானாலும் அசையாதபடி கட்டியிருக்கட்டும். உள்வாசல் பலகைகளைக் கடற்பயணத்தில் போட்டே வைத்து, கழன்று போகாமல் கயிறு கட்டுங்கள்.

வழியில் பழுதானால்

இரவில் மிதக்கும் நைலோன் வலையில் கீல் மாட்டுவது நடக்கக்கூடியது. பாயை இறக்குங்கள், எஞ்சினைப் போடாதீர்கள், வலை விசிறியிலும் சுற்றும். ஆணியை எடுத்துக் கீலைத் தூக்கினால் பெரும்பாலும் வலை வழுக்கிப் போய்விடும். பூட்டு ஆணியைக் கையால் எடுக்கக்கூடியதாக வைக்கவேண்டும், நட் போட்டு நிரந்தரமாக இறுக்கக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். வலைக்காரர் கிட்ட நின்றால் வெட்டுமுன் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அது அவர்களுடைய சீவியம்.

பூட்டு ஆணி முறிந்தால் மற்றதைப் போடுங்கள். முறிந்த துண்டு துளைக்குள் நின்றால் தட்டி எடுக்க 10 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்று கருவிப் பெட்டியில் இருக்கட்டும். அச்சு ஆணியே போய்விட்டது, கீல் கேபிளில் தொங்கி அடிக்கிறது என்றால் நிலைமை பாரதூரமானது. பாயை இறக்கி, வின்ச்சால் கீலைக் கூட்டுக்குள் இறுகும்வரை ஏற்றி, படகின் அடியால் இரண்டு கயிறு விட்டுக் கீலோடு சேர்த்துக் கட்டுங்கள். எல்லோரும் படகின் தரையில் இருந்து, எஞ்சினில், அலை பக்கவாட்டில் அடிக்காத திசையில் கரை சேருங்கள். உதவியையும் உடனே கூப்பிடுங்கள்.

இவற்றுக்காகக் கருவிப் பெட்டியில் இருக்கவேண்டியவை: கடைந்த பூட்டு ஆணிகள், அதற்கான கிளிப்புகள், ஒரு அச்சு ஆணி, கேபிள் குழாயின் அளவுக்குச் செதுக்கிய மர ஆப்பு, இரண்டு பெரிய கிளிப், இருபது மீட்டர் கயிறு, ஒரு வாளி. மர ஆப்பைக் குழாய்க்குப் பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், தண்ணீர் வரும்போது தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

திரும்பி வந்ததும் பூட்டு ஆணியை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, கழுத்துகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு கோடு இருந்தாலும், ஆணி சற்று வளைந்திருந்தாலும், அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த பயணத்துக்குப் புதிதை எடுத்து வையுங்கள்.